மூன்றாவது பின் ஏன் நீளம்?

எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் போன வாரம் ஒரு தம்பி வந்து உட்கார்ந்தான். டிப்ளமோ முடித்துவிட்டு, நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்யும் காண்டிராக்டரிடம் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மறுநாள் காலை ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் புது ரேக் நிறுத்தி, ஸ்விட்ச், பேட்ச் பேனல், யுபிஎஸ் எல்லாம் ஏற்ற வேண்டும். முதன்முறையாக அவன் பொறுப்பில். பையில் கேஜ் நட்டுப் பொட்டலமும் திருப்புளியும் கிரிம்பிங் டூலும் இருந்தன.

"நாலு ஸ்க்ரூவ முறுக்கிட்டு கேபிளச் சொருகுற வேலதானேண்ணே?" என்றான்.

அவன் பையிலிருந்த பவர் கார்டை எடுத்து பிளக்கை அவன் கையில் கொடுத்தேன். "இதுல மேல இருக்குற பின் மட்டும் ஏன் நீளமா, தடியா இருக்கு?"

"அது எர்த் பின்ணே."

"எர்த்னு தெரியும். ஏன் நீளம்?"

அவன் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதில் வரவில்லை. இரண்டு டீ சொல்லிவிட்டு அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ ஒரு ரேக் நிற்கிறது என்றால் இது உங்களுக்கும் வேண்டியதுதான்.

பிளக்கைச் சாக்கெட்டில் சொருகும்போது நீளமான பின் முதலில் தொடும். ஃபேஸும் நியூட்ரலும் அதற்குப் பிறகுதான் தொடும். பிடுங்கும்போது அவை இரண்டும் முதலில் விலகும், எர்த் கடைசியில் விலகும். கரண்ட் வருவதற்கு முன் காவல் வந்து நிற்கிறது. கரண்ட் போன பிறகே காவல் கிளம்புகிறது. சொருகுபவர் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாதபடி அந்த வரிசையைப் பித்தளையிலேயே செய்து வைத்திருக்கிறார்கள்.

ரேக் வேலையில் தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே கடினம் கிடையாது. எதற்குப் பின் எதைச் செய்கிறோம் என்பதில்தான் ஆளும் பொருளும் தப்பிப்பது இருக்கிறது. ஆனால் அந்தப் பிளக்கைப்போல ரேக் நமக்காக வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளாது. நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இடம்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அறையைப் பாருங்கள். தலைக்கு மேல் என்ன, காலுக்குக் கீழ் என்ன, பின்னால் இருப்பது என்ன சுவர் என்று மூன்று கேள்விகள்.

தலைக்கு மேல் ஸ்பிளிட் ஏசி இருந்தால் ரேக்கைத் தள்ளி நிறுத்துங்கள். டிரெயின் குழாய் அடைத்துக்கொள்ளும் நாளில் தண்ணீர் நேராக ஸ்விட்சின் முதுகில் சொட்டும். மாடிக் குளியலறைக் குழாய் ஓடும் இடமும் அப்படியே. காலுக்குக் கீழே, மழைத் தண்ணீர் ஏறும் தரைத்தளமா என்று கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னையில் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியை மறக்க மாட்டார்கள். மாடி அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் ரேக்கை நிறுத்தலாம். யுபிஎஸ் ரேக்கின் அடியில்தான் உட்காரப் போகிறது என்பதால் தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான்.

முன்பக்கம், ஒரு சாதனத்தை முழுதாக வெளியே இழுக்க இடம் வேண்டும். பின்பக்கம், ஒரு ஆள் நின்று கையை நீட்டி வேலை செய்ய இடம் வேண்டும். ரேக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொரு முறையும் கரண்ட் ஓடும் ரேக்கை நகர்த்தி நகர்த்தி வேலை பார்ப்பது எந்த ரேக்குக்கும் நல்லதல்ல.

நிற்கும் ரேக்கின் அடியில் சக்கரமும் இருக்கும், திருகி இறக்கும் கால்களும் இருக்கும். சக்கரம் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மட்டும். இடத்துக்கு வந்ததும் நான்கு கால்களையும் இறக்கி, கொத்தனார் வைப்பதுபோல் ரசமட்டம் வைத்து நேர்பார்த்து, பாரம் முழுவதும் கால்களில் நிற்கும்படி செய்ய வேண்டும். முன்பக்கம் நீட்டும் தாங்குகால் கொடுத்திருந்தால் அதை இப்போதே மாட்ட வேண்டும். தரையோடு போல்ட் போடுவதாக இருந்தால் அதுவும் இப்போதே. பாரம் ஏறிய பிறகு தாங்குகால் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மாட்டுவதே இல்லை.

சுவரில் தொங்கும் ரேக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒன்பது யு, பன்னிரண்டு யு சுவர் ரேக்கின் ஆழம் அரை மீட்டர் அளவில் இருக்கும் (யு என்பது ரேக்கின் உயரக் கணக்கு, அடுத்து வருகிறது). அதில் ஏற்றும் பாரம் சுவரை ஒட்டி நேராகக் கீழே இறங்காது. சுவரிலிருந்து முக்கால் அடி, ஓரடி தள்ளி நின்றுகொண்டு மேல் போல்ட்டுகளைப் பிடுங்கப் பார்க்கும். காய்கறிப் பையைக் கையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பாருங்கள், பிறகு கையை முன்னால் நீட்டிப் பிடித்துப் பாருங்கள், அந்த வித்தியாசம்தான். செங்கல் சுவரில் ஆங்க்கர் போல்ட் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஹாலோ பிளாக்கில் உள்ளே வெற்றிடம் என்பதால் சாதாரண ஆங்க்கரை நம்பக் கூடாது. சுவரின் மறுபக்கம்வரை துளைத்து, நீள போல்ட் போட்டு, அந்தப் பக்கம் தகடு வைத்து முறுக்குவது நல்லது. ஜிப்சம் தடுப்பில் தொங்கவிடவே கூடாது. சுவர் எதுவானாலும் யுபிஎஸ்ஸைத் தரையில் வையுங்கள்.

ஒரு யு எவ்வளவு?

ரேக்கில் ஏறும் சாதனத்தின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, எக்ஸ்சேஞ்சுகளில் கருவிகளை அடுக்க வைத்திருந்த சட்டத்தின் அளவு இது. இன்று இஐஏ-310, ஐஇசி 60297 என்ற தரங்களாக நிலைத்துவிட்டது. உயரத்தை 'யு' கணக்கில் சொல்கிறோம். ஒரு யு 1.75 அங்குலம், 44.45 மில்லிமீட்டர். 42 யு ரேக்கில் சாதனம் ஏறும் உயரம் மட்டும் 1.87 மீட்டர் வரும்.

ரேக்கின் தூணில் ஓட்டைகள் சீராக இருப்பதுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் சீராக இருக்காது. ஒரு யுவுக்கு மூன்று ஓட்டை. மூன்றுக்கும் இடையே 15.875 மில்லிமீட்டர் இடைவெளி. மூன்றாவதற்கும் அடுத்த யுவின் முதல் ஓட்டைக்கும் நடுவே மட்டும் 12.7. ஆகவே நெருக்கமாக இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. தம்பிக்கு இதை டீக்கிளாஸ் வைத்த மேஜையில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். இதைக் கவனிக்காமல் எண்ணினால் சாதனம் ஒரு ஓட்டை மேலேறி உட்காரும். மேலே வரும் அடுத்த சாதனம் அதில் இடிக்கும். அப்போது ஐந்து கிலோ ஸ்விட்சைக் கையில் தாங்கிக்கொண்டு நட்டை மாற்ற வேண்டிவரும். பென்சிலால் முன்கூட்டியே தூணில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு தூண்களிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

சதுர ஓட்டையில் கேஜ் நட்டை உள்பக்கத்திலிருந்து வைத்து, ஒரு காதை மாட்டி, மறு காதை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். அதற்கென்று வளைந்த ஒரு சின்னத் தகடு பொட்டலத்தோடு வரும். பலர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருப்புளியால் நெம்புவார்கள். நட்டு வழுக்கும்போது திருப்புளியின் முனை நேராக இடது கைப் பெருவிரலுக்குத்தான் போகும். அந்தத் தகட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எர்த்: இங்கே கொஞ்சம் நிற்போம்

"எர்த் எலக்ட்ரீஷியன் வேலையில்லையாண்ணே?" என்று கேட்டான் தம்பி.

எர்த் பிட் அமைப்பதும் அதிலிருந்து லைன் இழுப்பதும் எலக்ட்ரீஷியன் வேலை. அந்த எர்த் ரேக்கின் கதவுவரை வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பது ரேக்கை நிறுத்துபவர் வேலை.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ரேக்கைத் தொட்டதும் விரலில் சுருக்கென்றது. "அது அப்படித்தான் சார், ஈரக் கையோட தொடாதீங்க" என்றார்கள் அங்கே இருந்தவர்கள். பழகிப்போயிருந்தது. மெயினை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைத் திறந்தோம். எர்த் முனையில் வயரே இல்லை. மூன்று பின் பிளக் இருந்தது, மூன்று ஓட்டைச் சாக்கெட் இருந்தது, எர்த் மட்டும் இல்லை.

எதுவும் பழுதாகாத சாதனம் ஏன் ஷாக் அடிக்கிறது? ஒவ்வொரு சாதனத்தின் பவர் சப்ளைக்குள்ளும் மின்னிரைச்சலை வடிகட்ட, ஃபேஸுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். நியூட்ரலுக்கும் உடலுக்கும் இடையே அதே அளவில் இன்னொன்று. அவற்றின் வழியே எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். எர்த் இருக்கும்வரை அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்தால் சாதனத்தின் உடல் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், அந்த இரும்பில் நிற்கும்.

ஒரு சாதனத்தின் கசிவு சிறியது. பிளக் போட்டுப் பயன்படுத்தும் சாதனத்துக்குத் தரம் அனுமதிக்கும் உச்சமே 3.5 மில்லி ஆம்பியர்தான். ஆனால் ரேக்கில் எல்லாச் சாதனங்களையும் ஒரே இரும்புச் சட்டத்தில் முறுக்கி வைத்திருக்கிறோம். பத்துச் சாதனங்களின் கசிவும் அங்கே ஒன்றாகச் சேரும். அரை மில்லி ஆம்பியரிலேயே விரலுக்குத் தெரியும். பத்தை நெருங்கினால் பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகும். முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பே குலையலாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் தரும் சுருக்கை வைத்து ரேக்கை எடைபோடக் கூடாது என்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. ரேக்கின் எர்த் போல்ட்டிலிருந்து கட்டடத்தின் எர்த் பட்டைக்குத் தனியாகப் பச்சை-மஞ்சள் செம்பு வயர் ஒன்று போக வேண்டும். பவர் கார்டில் வரும் எர்த்தை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. டிஐஏ-607 என்னும் தொலைத்தொடர்புத் தரம் ரேக்குக்குக் கேட்கும் பருமன் ஏறக்குறைய 13 சதுர மில்லிமீட்டர்; நம் கடைகளில் 16 கிடைக்கும். வயர் முனையில் லக் வைத்து அழுத்தி, பெயின்ட்டைச் சுரண்டி, பல் உள்ள ஸ்டார் வாஷர் போட்டு முறுக்க வேண்டும். ரேக்கின் பெயின்ட் பார்க்க அழகு, ஆனால் அது மின்சாரத்துக்குத் தடுப்பு. பெயின்ட்டின் மேல் முறுக்கிய எர்த் வயர் கண்ணுக்கு மட்டும் எர்த்.

கதவுக்கும் பக்கத் தகடுகளுக்கும் தனித்தனியே சின்ன எர்த் வயர் இருக்கும். வேலைக்கு வசதியாகக் கதவைக் கழற்றும்போது அதைப் பிடுங்குவார்கள். திரும்ப மாட்டும்போது மறந்துவிடுவார்கள். கையால் அடிக்கடி தொடுவது கதவைத்தான். எல்லாம் மாட்டியதும், கரண்ட் கொடுப்பதற்கு முன், மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கதவின் சுரண்டிய இடத்திலும் மறுமுனையை எர்த் பட்டையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும்.

சாக்கெட்டிலும் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். கடைசி அளவு பத்து வோல்ட் கணக்கில் ஏறினால் எங்கோ எர்த் அறுந்திருக்கிறது, அல்லது வயரிங்கில் கோளாறு இருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை அதில் எதையும் சொருகக் கூடாது.

மணிக்கட்டில் கட்டும் ஆன்டி-ஸ்டேடிக் பட்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் மூவாயிரம் வோல்ட் அளவுக்கு வந்தால்தான் நமக்குச் சுளீரென்று தெரியும். சிப்புக்கு நூறு வோல்ட்டுகூட ஆபத்தாகலாம். நாம் உணராமலே கெடுத்துவிடுவோம். அந்தப் பட்டையின் வயருக்குள் 10 லட்சம் ஓம் தடை ஒன்று இருக்கும். தவறிப்போய் 230 வோல்ட்டைத் தொட்டாலும் அந்தப் பட்டையின் வழியாக 0.23 மில்லி ஆம்பியர்தான் போக முடியும். பட்டைக்குப் பதிலாக வெறும் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு எர்த்தில் கட்டினால் உங்களை நீங்களே மெயினோடு கட்டிவைத்ததுபோல் ஆகும். பட்டையைக் கட்டுவதும் எர்த் சேர்ந்த இரும்பில்தான். எர்த்தே இல்லாத ரேக்கில் கட்டினால் அதற்கு வேலை இல்லை.

கீழிருந்து மேலே

இப்போதுதான் சாதனத்தைத் தூக்க வேண்டும். விதி ஒன்றுதான்: கனமானது கீழே, கீழிருந்து மேல். முதலில் யுபிஎஸ், அதற்கு மேல் சர்வர் இருந்தால் சர்வர், அதற்கு மேல் ஸ்விட்ச், எல்லாவற்றுக்கும் மேல் பேட்ச் பேனல். மூன்று கேவிஏ ரேக் யுபிஎஸ் 30 கிலோ அளவில் இருக்கும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையில், உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்கும் பாரத்துக்கே 23 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. யுபிஎஸ்ஸைக் கையை நீட்டி ரேக்குக்குள் தள்ளும்போது எதுவும் சாதகமாக இருக்காது. அதனால் இரண்டு பேர். பேட்டரியைக் கழற்றித் தனியாக ஏற்ற வழி இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

யுபிஎஸ்ஸைப் பற்றி இன்னொன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மற்ற சாதனங்கள் செத்துவிடும். யுபிஎஸ் சாகாது. எட்டு பேட்டரி தொடராக உள்ள யுபிஎஸ்ஸில் 96 வோல்ட் டிசி எப்போதும் விழித்திருக்கும். மோதிரமோ கைச்சங்கிலியோ இரண்டு முனைகளைத் தொட்டால் உலோகம் பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டும். ரேக் முன்னால் நிற்பதற்கு முன் மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி, தொங்கும் ஐடி கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துவிடச் சொன்னேன். தம்பி கையில் புது மோதிரம் இருந்தது. தலையாட்டினான்.

ஸ்விட்ச் நாலைந்து கிலோதான் என்றாலும் ஒருவர் தாங்க, ஒருவர் திருக வேண்டும். நான்கு ஸ்க்ரூவையும் விரலால் பாதி ஏற்றி, பிறகு மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் மரை கடித்துக்கொள்ளும். முன்காதில் மட்டும் நிற்கும்படி ஆழமான, கனமான சாதனத்தை மாட்டக் கூடாது. பின்தூணையும் பிடிக்கும் ரெயில் வேண்டும், அல்லது தட்டு வேண்டும். ரெயிலில் ஓடும் சாதனம் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வெளியே இழுங்கள். வீட்டு பீரோவின் இழுப்பறைகள் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்தால் பீரோ முன்னால் சாய்வதுபோல், ரேக்கும் சாயும். பீரோவை நீங்கள் தாங்கிவிடலாம். ரேக்கைத் தாங்க முயலாதீர்கள், விலகிவிடுங்கள்.

காற்றுக்கு ஒரு வழி

ரேக்குக்குள் போகும் வாட் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். குளிர் காற்று முன்னால் நுழைந்து, சூடாகிப் பின்னால் வெளியேறுவது பொதுவான ஏற்பாடு. சில ஸ்விட்சுகள் போர்ட் இருக்கும் பக்கத்திலிருந்து காற்றை உள்ளே இழுக்கும், சில அந்தப் பக்கமாக வெளியே தள்ளும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்து ஏற்றினால் ஒன்று விடும் சூட்டை இன்னொன்று குடிக்கும். சாதனம் இல்லாத யுக்களை மூடித்தகடு போட்டு அடையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் போன சூடு அந்த இடைவெளி வழியாக முன்னால் திரும்பும். உள்ளே நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது என்பது ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை.

நம் ஊரில் இதோடு ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் போனால் ஏசி நிற்கும். யுபிஎஸ் தயவில் ரேக் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய சின்ன அறையில், சித்திரை வெயிலில், இரண்டு மணி நேரம் அப்படி ஓடினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒரு எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை யுபிஎஸ்ஸில் சேர்ப்பது செலவு குறைந்த வழி.

கரண்ட் கணக்கு

மூன்றாயிரம் விஏவை 230ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். ஆகவே அந்த யுபிஎஸ் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் உட்கார வேண்டும், தனி எம்சிபியோடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரேக்குக்குள் வரக் கூடாது. ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்கு இழுப்பது அதைவிடக் கூடாது. ரேக்கில் திருகி மாட்டும் பிடியு என்னும் சாக்கெட் பட்டையைப் போடுங்கள். இரண்டு பவர் சப்ளை உள்ள சாதனத்தை இரண்டு வெவ்வேறு லைனில் கொடுங்கள். ஒரு லைன் போனால் மொத்தப் பாரமும் மற்றதில் இறங்கும் என்பதால், ஒன்றே முழுவதையும் தாங்கும்படி கணக்கிட வேண்டும். வேலை செய்யத் திறக்கும்போது இரண்டு கார்டையும் பிடுங்க வேண்டும் என்பதும் இங்கேயே நினைவில் இருக்கட்டும்.

கேமராவும் வைஃபை பெட்டியும் ஸ்விட்சிலிருந்தே கரண்ட் எடுக்கும் பிஓஇ ஏற்பாட்டில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 24 போர்ட் ஸ்விட்சின் பெட்டியில் 370 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2003இல் வந்த முதல் தரத்தின்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 24ஆல் பெருக்கினால் 369.6. 2009இல் வந்த தரம் போர்ட்டுக்கு 30 வாட் தருகிறது. அந்த 30 வாட்டையும் கேட்கும் சாதனம் என்றால் அதே ஸ்விட்ச் பன்னிரண்டு போர்ட்டுக்குத்தான் ஈடுகொடுக்கும். யுபிஎஸ் கணக்கில் இந்த வாட்டையும் சேர்க்க வேண்டும்.

கசிவைக் கண்டதும் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்றால் மேலே சொன்ன கசிவுகள் ஒரே லைனில் சேர்ந்திருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15ஐத் தாண்டினாலே விழலாம். சாதனங்களை இரண்டு மூன்று லைன்களாகப் பிரித்துக் கொடுப்பதுதான் தீர்வு. ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைப்பதும், எர்த் பின்னை வெட்டிவிடுவதும் உயிரோடு விளையாடுவது.

கேபிள் கடைசியில்

கேபிள் வேலை எல்லோருக்கும் பிடித்தது என்பதால் முதலில் தொடங்கிவிடுவார்கள். அது கடைசியில் வர வேண்டும். பவர் வயர் ஒரு பக்கம், டேட்டா கேபிள் மறுபக்கம். இறுக்கும் பிளாஸ்டிக் டையைவிட வெல்க்ரோ நல்லது. டை நறுக்கென்று இறுகினால் உள்ளே முறுக்கிய ஜோடிகள் நசுங்கும். வளைவு, கேபிளின் பருமனைப்போல் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. கேபிள் நுழையும் வாயை பிரஷ் பட்டையாலோ கிளாண்டாலோ அடையுங்கள். எலிக்கும் பல்லிக்கும் சூடான இருட்டுப் பெட்டி என்றால் விருப்பம் அதிகம்.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். இரண்டு கட்டடத்து எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது. பக்கத்தில் இடி விழுந்தால் அந்தக் கேபிள்தான் பாதையாகும். அங்கே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது. ஆனால் அதில் ஓடும் 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் வருகிறதா என்று முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது தவறு. மீட்டர் இருக்கிறது, அதில் பாருங்கள். சொருகாத முனைக்கு மூடி போட்டு வையுங்கள்.

அந்த ஃபைபர் சொருகும் எஸ்எஃப்பி மாட்யூலின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் நகம் அளவுப் பலகையில் தங்க நிறப் பட்டைகள் இருக்கும். எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. கிரவுண்ட் பட்டைகள் முதலில் தொடும்படி, பிறகு பவர், கடைசியில் சிக்னல் என்று அமைத்திருக்கிறார்கள். சுவர் பிளக்கில் உள்ள அதே வரிசை இங்கும் இருக்கிறது.

கழற்றும்போது தலைகீழ்

ரேக்கிலிருந்து ஒன்றைக் கழற்றும்போது இதே வரிசை தலைகீழாகத் திரும்பும். முதலில் டேட்டா கேபிள், பிறகு பவர், கடைசியில் எர்த் வயர். சாதனங்கள் மேலிருந்து கீழ். காலி செய்கிற ரேக்கில் கீழே உள்ள யுபிஎஸ்ஸை முதலில் உருவினால், மேலே மிச்சமிருக்கும் பாரத்தோடு ரேக் தலை கனத்து நிற்கும். ஒவ்வொரு கார்டிலும் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டி, எந்த யுவில் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தால், ஐந்து வருஷம் கழித்துக் கழற்ற வரும் முகம் தெரியாத ஆளுக்கும் நீங்கள் காவல் நிற்கிறீர்கள்.

தம்பி இரண்டாவது டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். மறுநாள் மாலை போன் வந்தது.

"ரேக் நின்னுருச்சுண்ணே. எல்லாம் ஏத்தியாச்சு. இன்னும் ஆன் பண்ணல. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அறுபது வோல்ட் காட்டுது. நாளைக்குத்தான் எலக்ட்ரீஷியன் வர்றார். லேபுல கொஞ்சம் கோவப்பட்டாங்க."

ரேக் வைக்கும் கல்லூரிக்காரர்களையும் அலுவலகக்காரர்களையும் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். சாதனம் எல்லாம் ஏறிவிட்டது, ஏன் இன்னும் ஓடவில்லை என்று அந்தப் பையன்களை விரட்டாதீர்கள். எர்த் வரட்டும் என்று ஒருவர் காத்திருந்தால், உங்கள் ஊழியர் நாளை தொடப்போகும் கதவுக்காகத்தான் காத்திருக்கிறார். அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.